அறையிலிருந்து எடுத்த எட்டு புஷ்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் உங்களில் யாரோ ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். ஓட்டலாக மாறிப்போன ஒரு பெரிய வீடு, அதன் வாசலில் இரண்டே சீட்டு உள்ள திறந்த கார், சிவப்பு நிறம். உடனே ஆளாளுக்குக் கைதட்டி, இதயம் வைத்து, அந்தக் காலம் போல வருமா என்று எழுதித் தள்ளினீர்கள். போதாததற்கு, 'உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருந்துச்சே, அதைப் பத்தி எழுதேன்' என்று என்னை வேறு இழுத்துவிட்டீர்கள். இருந்தது. நினைத்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும். எழுதச் சொன்னது நீங்கள்தான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கார் பச்சை. ஐயா, அதாவது என் அப்பச்சியை, அப்பாவைப் பெற்றவர், கொழும்பில் தொழில் செய்த காலத்தில் ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. பதினாலு பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு இரண்டு பேர் உட்காருகிற வண்டி. மழை வந்தால் நனையும், வெயில் வந்தால் சீட்டு தொடையைப் பொசுக்கும். காரைக்குடித் தெருக்களில் இருக்கிற அத்தனை பள்ளத்தையும் இடுப்பு எலும்புக்குச் சொல்லிவிடும். இந்த அழகில் அதை வாரம் ஒரு முறை துடைக்காவிட்டால் அப்பச்சிக்குச் சோறு இறங்காது.

நான் ஆறாம் வகுப்பு முடித்த விடுமுறை அது. வைகாசியில் என் அக்காவுக்குக் கல்யாணம். (வீட்டில் அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அக்கா என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் உங்களில் பாதிப் பேர் பாட்டியம்மா என்று நினைத்துக்கொள்வீர்கள்.) மாப்பிள்ளை அழைப்புக்கு நேமத்தான்பட்டி மாப்பிள்ளையைப் பச்சை வண்டியில் உட்கார வைத்து, தானே ஓட்டிக்கொண்டு வரப் போவதாக அப்பச்சி எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டார். வண்டி என்னடாவென்றால் சித்திரை பிறந்ததிலிருந்து முன்பக்கம் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. பிரேக் போட்டால் இடது பக்கம் இழுத்தது. டயர் ஒரு ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

ரயிலடிப் பக்கம் ஒரு கொட்டகையில் மெக்கானிக் பாய் இருந்தார். முப்பது வயசு இருக்கும். பெண் பிள்ளைகள் மூன்று. அவர் வந்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, கடப்பாறையால் ஒரு நெம்பு நெம்பினார். கீழே இருந்த இரும்புக் கை அசைந்தது.

"புஷ்ஷு போயிருச்சுண்ணே," என்றார்.

புஷ் என்றால், இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க நடுவில் வைக்கிற ரப்பர் வளையம். சக்கரத்தைத் தாங்குகிற கை, வண்டியின் சட்டத்தோடு சேருகிற இடத்தில் இருக்கும். பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. பாதி வளையங்கள் கறுப்புத் தூளாக உதிர்ந்து பாயின் உள்ளங்கையில் விழுந்தன.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று உண்டு. கான்வென்டில் படிக்கிறவள் என்பதால் அதை வாசித்துச் சொல்லுகிற வேலை எனக்கு. வண்டிக் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, படத்தில் உள்ள எண்களைப் பார்த்து, வரி வரியாகத் தமிழில் சொல்வேன். பாய் கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் படத்தை எட்டிப் பார்ப்பார். "சின்னாச்சி, அந்த ஸ்பிரிங் சங்கதியை இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்பார். வீட்டின் சின்னப் பெண் என்பதால் நான் அவருக்குச் சின்னாச்சி. என்னை ஒரு ஆளாக மதித்துச் சந்தேகம் கேட்ட முதல் பெரிய மனிதர் அவர்தான். அந்தப் புத்தகம் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எடைக்குப் போயிருக்கும்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மான், தாய்மாமன், கல்யாண ஏற்பாடு பேச வந்தார். மலேசியாவில் லாரிகள் வைத்து நடத்துகிறவர். நேராகக் கொட்டகைக்கு வந்து, குனிந்து, பாய் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அங்க எனக்கு ஒரு நல்ல கை வேணும்ப்பா. கல்யாணத்தன்னைக்கு இந்த வண்டி எப்படி ஓடுதுன்னு பாக்குறேன். சரியா இருந்தா அங்கிட்டே கூட்டிட்டுப் போயிர்றேன்," என்றார்.

அவர் போனதும் பாய் கருவிப் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த பாஸ்போர்ட்டை எனக்குக் காட்டினார். எடுத்து இரண்டு வருஷமாம். ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை. "இனிமே விழுகும் சின்னாச்சி," என்றார்.

இங்கேதான் எங்கள் வீட்டு அறை குறுக்கே வந்தது.

நம்மில் செட்டி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெண் பிறந்த அன்றிலிருந்து அவள் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கி அறைக்குள் அடுக்குவார்கள். பித்தளை அண்டா, எவர்சில்வர் வாளி, கோரைப்பாய், தலையணை, கண்ணாடி ஜாடி, எல்லாம் டஜன் கணக்கில். கல்யாணத்தன்று எல்லாவற்றையும் ஊர் பார்க்கப் பரப்பி வைப்பார்கள். இருபது வருஷம் பூட்டியிருந்தாலும், அறையிலிருந்து எடுத்தால் அது புதுசு. இதில் மறுபேச்சே கிடையாது. எங்கள் ஐயா இந்தச் சட்டத்தைக் காருக்கும் போட்டிருந்தார். வண்டி வாங்கின கையோடு மாற்றுச் சாமானும் ஒரு பெட்டி வாங்கி, வேப்பிலையும் வசம்பும் போட்டு, அக்காவின் சீர்ச் சாமானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பச்சி அந்தத் தகரப் பெட்டியைச் சாமி தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்காரன் ஒட்டிய சிவப்புத் தாள்கூடக் கிழியவில்லை. உள்ளே மெழுகுத்தாளில் எட்டு புஷ்.

பாய் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். அமுங்கவில்லை. நகத்தை வைத்தார். கீறல் விட்டது.

"ரப்பரு செத்துப்போச்சுண்ணே."

"பிரிக்காத பெட்டிப்பா. ஒரு மைல்கூட ஓடாத சாமான். அது எப்படிச் சாகும்?"

"ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும்ணே. மதுரையில ஒருத்தரு இருக்காரு. அளவு குடுத்தா அச்சுல வார்த்துக் குடுத்துருவாரு. ரெண்டே நாளு. நானே போயி வாங்கியாறேன்."

"அறையில புதுசு இருக்கும்போது வெளிய போயி வாங்குறதா? யார்ட்டப்பா சொல்ற?"

கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். அதே வாரம் பந்தலுக்கு மட்டும் அவர் செய்த செலவு ஊருக்கே தெரியும். காரணம் வேறு. அன்று மத்தியானம் ஆத்தாவிடம், என் அம்மாவிடம், அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அறைச் சாமான் செத்துப்போச்சுன்னு நானே சொன்னா, நாளைக்குப் பரப்புற சீரை எல்லாம் சம்பந்தி வீட்டுல என்னன்னு நினைப்பாக?"

"கார் ரப்பரும் குத்துவிளக்கும் ஒண்ணா? என்ன பேசுறீக?" என்றாள் ஆத்தா.

"எல்லாம் ஒரே அறைதானே," என்றார்.

இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? ஆத்தா முறுக்குச் சுற்றப் போய்விட்டாள்.

செத்த ரப்பருக்கு உயிர் கொடுக்க அப்பச்சி கண்டுபிடித்த வைத்தியம் நல்லெண்ணெய். ஒரு வெண்கலக் கிண்ணத்தில் எட்டையும் போட்டு, முங்க முங்க எண்ணெய் ஊற்றி, அடுக்களை ஜன்னலில் வைத்தார். சமையற்காரர் கருகின பணியாரம் என்று நினைத்து ஒன்றை எடுத்து நாய்க்கு வீசப் போனார். எனக்குப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து அப்பச்சியிடம் வாசித்துக் காட்டினேன். "எண்ணெயோ கிரீஸோ ரப்பரில் படவே கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் மாட்ட வேண்டும்."

"அவன் மெஷின் எண்ணெயைச் சொல்றான். நல்லெண்ணெயைப் பத்தி வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்?" என்றார் அப்பச்சி. தலையில் தேய்த்தால் உடம்புக்கு நல்லது, ரப்பருக்கு மட்டும் ஆகாதா என்று ஒரு கேள்வி வேறு.

மூன்றாம் நாள் புஷ்கள் கொழகொழவென்று பெருத்திருந்தன. அப்பச்சி ஒன்றை அமுக்கி அமுக்கிக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, பழையபடி ஆயிருச்சு."

"உப்பியிருக்குண்ணே. குணமாகலை," என்றார் பாய்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனார். கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாட்ட மாட்டேன் என்றால் வண்டி ஓடாது, அம்மான் பார்க்க ஒன்றும் இருக்காது, மலேசியாவும் இல்லை. திரும்பி வந்து, "நீங்க சொன்னா மாட்டுறேண்ணே. நான் சொன்னதையும் மனசுல வச்சுக்கிருங்க. சின்னாச்சியும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக," என்றார். சாட்சிக்கு என்னை ஏன் கூப்பிட்டார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பெருமையாக மட்டும் இருந்தது.

மற்ற வேலையை அவர் அப்பழுக்கில்லாமல் செய்தார். வண்டி தரையில் நின்று, ஆள் உட்கார்ந்த கனம் இருக்கும்போதுதான் கடைசி நட்டை முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அப்பச்சிக்கு உட்கார நேரமில்லை. இரண்டு சீட்டிலும் அரிசி மூட்டையை ஏற்றி, அடியில் படுத்துக்கொண்டு முறுக்கினார். மண்ணும் எண்ணெயும் அப்பிய முகத்தோடு வெளியே வந்து, "சேதாரமில்லாம அந்த ஒரு நாள் ஓடிட்டாப் போதும்," என்றார்.

ஓடியது பாதித் தெரு.

பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டபோது வெயில் தாழ்ந்துவிட்டது. முன்னால் மேளம், பின்னால் ஊரே. அப்பச்சி பட்டு வேட்டி கட்டி ஓட்டினார். மாப்பிள்ளை மாலைக்குள் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார். பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இடது முன்சக்கரத்தைப் பார்த்தபடியே கூட நடந்தார். எங்கள் தெரு முனையில் சாக்கடைக்கு மேல் போட்ட கல் பலகையில் ஏறி இறங்கியபோது டடக் என்று ஒரு சத்தம். சக்கரம் பின்னால் நகர்ந்து மட்கார்டில் உரசியது. கருகல் நாற்றம் எழுந்தது. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசித்தார். மாப்பிள்ளை இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே வந்தார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் நடந்தார்.

அப்பச்சிதான் சிரிக்கவில்லை. பந்தல் வாசலில், இருநூறு பேர் பார்க்க, "புதுச் சாமானை எடுத்துக் குடுத்தேன். நாசமாக்கிட்டான் பாருங்க. இவனை நம்புனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்," என்றார்.

அம்மான் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் பிதுங்கித் தொங்கிய கறுப்புத் துணுக்கை எடுத்தார். விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னப்பா, ரப்பருக்கு எண்ணெய் போட்டியா?"

பாய் அப்பச்சியைப் பார்த்தார். அப்பச்சி மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்ததாகப் பாய் என்னைப் பார்த்தார். பட்டுப் பாவாடையில் இரண்டு எட்டுத் தள்ளி நான் நின்றேன். அவர் உள்ளே ஒருமுறை பார்த்தார். கூடத்தில் பரப்பியிருந்த அக்காவின் சீர்ச் சாமான் வாசலிலிருந்தே தெரிந்தது.

"ஆமாங்க," என்றார்.

"ரப்பருக்கு எண்ணெய் போடுற ஆளு எனக்குச் சரிப்பட மாட்டான்," என்று அம்மான் துணுக்கைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார்.

பதினொரு வயசுப் பிள்ளை அத்தனை பேர் நடுவில் என்ன பேசியிருக்க முடியும் என்பீர்கள். பேசியிருக்கலாம். ஒரு வரிதான். இதில் இன்னும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சீர்ச் சாமானுக்கு எத்தனை வயசு என்று நேமத்தான்பட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. பின்னாளில் அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மாமியார் வீட்டு அறையில் இருந்தது இன்னும் பத்து வருஷம் பழசாம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத ஒன்றைக் காப்பாற்றுவதாக அப்பச்சி நினைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்த மாதமே அவர் சத்தமில்லாமல் மதுரைக்கு ஆள் அனுப்பி, எட்டு புஷ் வார்த்து வாங்கிவந்தார். இதை என்னவென்று சொல்ல? மாட்டுவதற்கும் பாயைத்தான் கூப்பிட்டார். அவரும் வந்தார். அதுவும் எனக்குத் தாங்கவில்லை. இந்தத் தடவை சோப்புத் தண்ணீர்தான். கடைசி நட்டு முறுக்க அரிசி மூட்டை கேட்காமல், "நீங்களும் சின்னாச்சியும் ஏறி உக்காருங்கண்ணே," என்றார். நாங்கள் உட்கார்ந்தோம். எங்கள் கனத்துக்கு அடியில் அவர் படுத்திருந்தார். ஸ்பேனர் திருகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்பச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அம்மானுக்கு வேணும்னா நான் ஒரு கடுதாசி எழுதுறேம்ப்பா," என்றார்.

சத்தம் நின்றது. "எழுதுங்கண்ணே," என்று கீழிருந்து பதில் வந்தது. "அறைச் சாமானுன்னு எழுதிருங்க. எண்ணெய் நான் போடலைன்னும் ஒரு வார்த்தை. எழுதுனா நம்புவாக."

"பாக்கலாம்," என்றார் அப்பச்சி.

பள்ளிக்கூடம் திறந்தது. நான் சைக்கிளில் போகிற வழியில்தான் பாயின் கொட்டகை. "கடுதாசி போட்டாகளா சின்னாச்சி?" என்று கேட்பார். வீட்டுக்கு வந்து அப்பச்சியிடம் கேட்பேன். முதல் வாரம் "எழுதணும்" என்றார். அடுத்த வாரம் "நல்ல நாள் பாத்து எழுதுறேன்" என்றார். அதற்கும் அடுத்த வாரம் "சும்மா நச்சரிக்காத, போ அங்கிட்டு" என்றார். பாயின் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. எனக்கும் சலித்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. ஒருத்தர் எழுத மாட்டேன் என்கிறார், இன்னொருத்தர் கேட்பதை நிறுத்த மாட்டேன் என்கிறார். சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன்.

ஒரு நாள் சைக்கிள் சங்கிலி கழன்று, தள்ளிக்கொண்டு அவர் கொட்டகைக்கே போக வேண்டியதாயிற்று. மாட்டிக்கொண்டே கேட்டார்.

"போட்டாச்சு," என்றேன்.

தலையைத் தூக்கினார். "அறைச் சாமானுன்னு எழுதுனாகளா?"

"எழுதுனாக. எண்ணெயையும் எழுதுனாக. நான்தான் கூட இருந்து படிச்சுப் பாத்தேன்."

அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சங்கிலியை மாட்டி, சைக்கிள் முழுவதையும் துடைத்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பழைய வழியிலேயே பள்ளிக்கூடம் போனேன்.

கார்த்திகை மாதம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டில் அப்பச்சிக்குப் பரிமாறிக்கொண்டே ஆத்தா சொன்னாள்: "கேட்டீகளா, நம்ம மெக்கானிக் பாய்க்குத் துபாயில வேலை வந்துச்சாம். ஏஜென்டு வீடு தேடி வந்து கூப்புட்டிருக்கான். மலேசியாவுலருந்து கூப்புட்டுத் தாக்கல் வரப் போகுது, செட்டியார் எழுதியிருக்காகன்னு சொல்லி, துபாய் இடத்தைத் தன் மச்சானுக்கு விட்டுக்குடுத்துட்டாராம்."

அப்பச்சி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நான் எங்க எழுதுனேன்? எவன் சொன்னான் அவன்கிட்ட?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

ஆத்தா எனக்கு ரசம் ஊற்ற வந்தாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, போதும் என்று கையைக் காட்டினேன்.